வாத்தியார்களே, பிள்ளையை வழியனுப்பிவையுங்கள்

மரியாதைக்குரிய குத்துச்சண்டை வாத்தியார்களுக்கு,



வடசென்னையின் சந்துகளிலும், சின்ன ஊர்களின் பள்ளி மைதானங்களிலும் மாலையானால் கதவைத் திறந்து, பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கிளவுஸ் மாட்டிவிட்டு, "கையை இறக்காதே" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். 2021இல் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு, வாத்தியார் என்றால் யார் என்று ஊருக்கே தெரியும். அதற்கு முன்பும் உங்கள் தெருவுக்குத் தெரியும்.

உங்கள் உலகத்தில் ஒரு குறை அடிக்கடி காதில் விழும். "நான் வளர்த்துவிட்ட பையன். நாலு மெடல் வந்ததும் இன்னொருத்தர்கிட்ட போயிட்டான்." சொல்பவரின் வலி உண்மையானது. ஐந்தாறு வருட மாலைகளைக் கொட்டிய மனிதர் அவர். ஆனால் போகிற பையனைத் துரோகி என்று கூப்பிட்டதும் அந்த மாலைகளின் மதிப்பு குறைந்துபோகிறது. இதைப் பற்றிப் பேச, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற நகரத்தில் வாழ்ந்த ஒரு போலீஸ்காரரை உங்கள் முன் நிறுத்துகிறேன். ஜோ மார்ட்டின் அவர் பெயர். அவர் செய்தவற்றில் நாம் கற்கவேண்டியது நிறைய உண்டு. செய்யத் தவறியதில் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு.

கதையின் தொடக்கம் உங்களில் பலருக்கு மனப்பாடம். 1954 அக்டோபர். லூயிவில் நகரத்துக் கொலம்பியா ஆடிட்டோரியத்தில் ஒரு கண்காட்சி, சோளப்பொரி இலவசம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நண்பனோடு புது சைக்கிளில் போனான். சிவப்பும் வெள்ளையுமான ஷ்வின் சைக்கிள். தின்று முடித்து வெளியே வந்தால் சைக்கிளைக் காணோம். கீழே அடித்தளத்தில் ஒரு போலீஸ்காரர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அழுதுகொண்டே இறங்கிப்போனான். அங்கே மார்ட்டின் நடத்திவந்த கொலம்பியா ஜிம். சைக்கிளை எடுத்தவனை அடித்து நொறுக்கிவிடுவேன் என்று பையன் கத்தினான். முதலில் சண்டை போடக் கற்றுக்கொள், அப்புறம் சவால் விடு என்ற பொருளில் பதில் வந்தது. பையனின் பெயர் கேசியஸ் கிளே. பத்தாண்டு கழித்து உலகம் அவனை முகமது அலி என்று அழைத்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு மார்ட்டின் செய்ததைக் கவனியுங்கள். புகாரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஒரு சேர்க்கை விண்ணப்பத்தை நீட்டினார். திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஆறு முதல் எட்டு வரை இங்கே பயிற்சி நடக்கும், விருப்பமிருந்தால் வா என்றார். அவ்வளவுதான். அடிப்பேன் என்று சொன்னதற்காகப் பையனைத் திட்டவில்லை. சைக்கிளை மீட்டுத்தருகிறேன் என்று பொய்யாகத் தேற்றவும் இல்லை. அந்த சைக்கிள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. போலீஸ்காரராக அந்த வழக்கில் அவர் தோற்றார். வாத்தியாராக ஒரு சிறுவனின் கோபத்துக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் கொடுத்தார்.

பையன் மறுநாளே ஓடிவந்துவிடவில்லை. அலியின் பெயரில் 1975இல் வந்த சுயசரிதையின்படி, விண்ணப்பம் சட்டைப் பையிலேயே கிடந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் சிறுவர்கள் மோதும் 'நாளைய சாம்பியன்கள்' என்ற நிகழ்ச்சியில் அதே போலீஸ்காரர் தன் பையன்களோடு நிற்பதைப் பார்த்த பிறகுதான் ஆசை முளைத்தது. அந்த நிகழ்ச்சியை நடத்தியவரும் மார்ட்டின்தான். மோதுகிற பிள்ளைகளுக்குச் சில டாலர்கள் கிடைக்கும். சேர்ந்த சில வாரங்களில் கிளேயும் அதில் ஏறினான். எடை 89 பவுண்டு, நம் கணக்கில் நாற்பது கிலோ. நடுவர்கள் ஒருமனதாகக்கூட முடிவு சொல்லவில்லை, நூலிழையில் ஜெயித்தான்.

மார்ட்டின் அந்த நகரத்தின் சாதாரணக் காவலர். சார்ஜன்ட் பதவிக்கான தேர்வைக் கடைசிவரை எழுதாததால், கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் கேலியாக 'சார்ஜன்ட்' என்றே கூப்பிட்டார்கள் என்று சொல்வதுண்டு. அவர் மனம் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வேலை செய்தது போலும். கிளே வந்த புதிதில் மற்றப் பையன்களைவிட மேலாகவும் தெரியவில்லை, கீழாகவும் தெரியவில்லை என்பது அவருடைய நேர்மையான வாக்குமூலம். ஏறக்குறைய ஆயிரம் பையன்களுக்குச் சொல்லித்தந்திருப்பேன் என்றும் சொன்னார். அந்த ஆயிரத்தில் உலகப் பட்டம் வென்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் பாரம் சுமந்தார்கள், வண்டி ஓட்டினார்கள், குடும்பம் நடத்தினார்கள். அவர்களுக்கும் அந்த ஆறு முதல் எட்டு மணி கிடைத்திருந்தது. உங்கள் கூடத்தின் கணக்கும் இப்படித்தான் இருக்கும், இல்லையா?

அந்த அடித்தளம் எப்படிப்பட்ட ஊரில் இருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்று கென்டக்கியில் 1904 முதல் சட்டமே இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே மாதம் பள்ளிப் பிரிவினையைச் செல்லாது என்று தீர்த்தது. லூயிவில் பள்ளிகள் கலந்தது 1956இல். நகரத்தின் புகழ்பெற்ற ஃபவுண்டன் ஃபெர்ரி பொழுதுபோக்குப் பூங்காவின் கதவு 1960களில்தான் கறுப்பினத்தவருக்குத் திறந்தது. ராட்டினத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகளில் கிளேயும் ஒருவன். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட ஆண்டில், வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவரின் கூடத்தில் இரு நிறத்துப் பையன்களும் ஒரே வளையத்துக்குள் ஏறினார்கள். முதல் போட்டியில் கிளேயின் எதிரே நின்றவன் வெள்ளைக்காரச் சிறுவன். அதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது.

மார்ட்டினின் மனைவி கிறிஸ்டீனை விட்டுவிட்டால் பாதிக் கதைதான். வெளியூர்ப் போட்டிகளுக்குப் பையன்களைக் காரில் அடைத்துக்கொண்டு ஓட்டிப்போனவர் அவர். வழியில் பல உணவகங்களில் கறுப்பினச் சிறுவர்களை உள்ளே விடமாட்டார்கள். கிறிஸ்டீன் தனியாக உள்ளே போவார், எல்லோருக்கும் ஹாம்பர்கர் வாங்கிவருவார், காரிலேயே சாப்பிட்டுவிட்டு மேலே போவார்கள். இதைப் பெரிய புரட்சியாக யாரும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. பசித்த பையன்களுக்குச் சாப்பாடு வேண்டியிருந்தது. உங்கள் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருப்பார். போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் புளிசாதம் கட்டிக்கொடுத்து, அழுக்குத் துணி துவைத்துப்போடும் அவருடைய பெயர் எந்தச் சான்றிதழிலும் வராது.

மார்ட்டினின் மிகப் பெரிய வாத்தியார் வேலை வளையத்துக்கு வெளியே நடந்தது. 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்குக் கிளே தேர்வானான். ஆனால் விமானம் என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். தேர்வுப் போட்டிக்காகக் கலிஃபோர்னியா போனபோது விமானம் குலுங்கிய குலுக்கலில் பயந்துவிட்டிருந்தான். ரோமுக்குக் கப்பலோ ரயிலோ இல்லாவிட்டால் போவதில்லை என்று பிடிவாதம் பிடித்தான். மார்ட்டின் அவனை லூயிவில் சென்ட்ரல் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மணிக்கணக்கில் பேசினார். ஹெவிவெயிட் பட்டம் வேண்டுமென்றால் ரோமைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று புரியவைத்தார். பையன் சம்மதித்தான். சம்மதித்த கையோடு ராணுவத்தில் கழித்துப்போட்ட பொருள்களை விற்கும் கடையில் ஒரு பாராசூட் வாங்கி, அதை மாட்டிக்கொண்டுதான் விமானத்தில் ஏறினான் என்று மார்ட்டினின் மகன் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 5 அன்று போலந்தின் ஸ்பிக்நியெவ் பியெட்ஷிகோவ்ஸ்கியை வென்று லைட் ஹெவிவெயிட் தங்கத்தோடு திரும்பினான்.

பதினெட்டு வயது முரட்டு உடம்புக்குள் விமானத்துக்கு நடுங்குகிற பிள்ளை ஒன்று இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆறு வருடம் கூட இருந்தவருக்குத் தெரியும். கேலி செய்தால் அந்தப் பிள்ளை இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும் என்பதும் அவருக்குத் தெரியும். வாத்தியாரிடம் சேர்கிற இந்த அறிவைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதை வைத்துத்தான் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன்.

இதுவரை சொன்னது மார்ட்டினின் பெருமை. இனி, அவரால் முடியாமல்போனது.

லூயிவிலின் கறுப்பினக் குடியிருப்பில் கிரேஸ் சமூக நிலையம் என்று ஒன்று இருந்தது. அங்கே குத்துச்சண்டை சொல்லித்தந்தவர் ஃபிரெட் ஸ்டோனர். கறுப்பினத்தவர். தொலைக்காட்சி இல்லை, பெரிய மண்டபம் இல்லை. கொலம்பியா ஜிம்மில் எட்டு மணிக்குப் பயிற்சி முடிந்ததும் கிளே நேரே ஸ்டோனரிடம் ஓடுவான். அங்கே நள்ளிரவு வரைகூடப் பயிற்சி நீளும். இடக்கையை நேராக நீட்டி அடிக்கும் ஒரே அடியை நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிக்கவைப்பார் ஸ்டோனர். தடுப்பு, சமநிலை, மூச்சு, தாளம் எல்லாம் அங்கேதான் கூர்மையானது என்று அலி தன் சுயசரிதையில் ஸ்டோனருக்கே கூடுதல் பங்கு கொடுத்தார். அந்த நூலில் உள்ள எல்லாமே எழுதியபடி நடந்தவை இல்லை என்று பின்னால் வந்த வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு கூடங்களிலும் பயின்றான் என்பதிலும், அது மார்ட்டினுக்குப் பிடிக்கவில்லை என்பதிலும் பெரிய சர்ச்சை இல்லை. மார்ட்டினின் கையில் தொலைக்காட்சி நிகழ்ச்சி இருந்தது. அதில் கிடைக்கும் சில டாலர்கள் ஏழை வீட்டுப் பையனுக்குப் பெரிய காசு. என்னிடமா, அவரிடமா என்று கேட்கும் வலிமை யாரிடம் இருந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எட்டு மணிக்குத் தன் கூடத்தில் வியர்வை வழிய நின்ற பையன், சோர்ந்து வீட்டுக்குப் போகாமல் இன்னொரு கூடத்துக்கு ஓடுகிறான் என்றால், அதில் முதல் வாத்தியாருக்கு என்ன அவமானம்? கற்கிற பசியை மூட்டிவிட்டவர் அவர்தானே! அந்தப் பசியைத் தன் ஒருவர் கையால் மட்டும் தீர்க்க முடியும் என்று மார்ட்டின் நினைத்ததுதான் சறுக்கல். வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கறுப்பினச் சிறுவனுக்குத் தரமுடியாத சில உண்டு. தன் தெருவில், தன் நிறத்தில், தன்னை அடித்துத் திருத்தக்கூடிய பெரியவர் ஒருவர் அந்தச் சிறுவனுக்குத் தேவைப்பட்டார். பிள்ளைக்கு அப்படி இரண்டு பேர் கிடைத்தது அதிர்ஷ்டம். அதை மார்ட்டின் இழப்பாகக் கணக்கெழுதினார்.

வரலாறும் அந்தக் கணக்கையே பின்பற்றியது. சைக்கிள் கதையோடு மார்ட்டினின் பெயர் உலகம் சுற்றுகிறது. கொலம்பியா ஆடிட்டோரியக் கட்டடம் இன்று ஸ்பால்டிங் பல்கலைக்கழகத்தின் வசம் இருக்கிறது. வாசலுக்கு மேலே சிவப்பு சைக்கிள் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டாம் ஷிப்டில் நின்ற ஸ்டோனரைப் பற்றிப் புத்தகங்களில் தேடினால் சில பக்கங்கள் தேறும். பெயரெடுத்த கூடத்துக்குப் பின்னால் பெயரில்லாத கூடம் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. உங்கள் ஊரில் அது எது என்பது உங்களுக்குத் தெரியும்.

ரோமிலிருந்து தங்கத்தோடு திரும்பிய பையனைத் தொழில்முறைக்கு யார் அழைத்துப்போவது என்ற பேச்சு எழுந்தது. மார்ட்டின் பயிற்சியாளராக நீடிக்கும்படியான ஓர் ஒப்பந்தத்தைச் செல்வந்தர் ஒருவர் முன்வைத்தார். கிளேயின் தந்தை ஒப்பவில்லை. மார்ட்டின் போலீஸ்காரர் என்பதும் அதற்கு ஒரு காரணம். லூயிவில் வணிகர்கள் பதினொரு பேர் சேர்ந்த குழு ஒன்று கிளேயை ஒப்பந்தம் செய்தது. 1960 அக்டோபரில் முதல் தொழில்முறைப் போட்டி. அந்த ஆண்டு முடிவதற்குள் கிளே மயாமிக்கு, பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டியிடம் போய்ச்சேர்ந்தான். டண்டி அவனை மாற்ற முயலவில்லை. எதையாவது திருத்தவேண்டுமென்றால், அதை அவனே கண்டுபிடித்தது போலப் பாராட்டிவிட்டுத் திருத்துவார். இருபது ஆண்டுக்கும் மேல் வளையத்தில் அவனுடைய மூலையில் நின்றார்.

ஒரு பையன், மூன்று வாத்தியார்கள். ஒருவர் கதவைத் திறந்தார், ஒருவர் கையைச் செதுக்கினார், ஒருவர் உலகத்தோடு மோதவிட்டார். இதில் யாரை எடுத்துவிட்டாலும் நாம் அறிந்த அலி இல்லை.

கொலம்பியா ஜிம்மிலிருந்து வந்த இன்னொருவரையும் உங்களில் மூத்தவர்கள் நேரில் பார்த்திருக்கக்கூடும். ஜிம்மி எல்லிஸ். லூயிவில் பையன். தொலைக்காட்சியில் தன் நண்பன் கிளேயோடு மோதுவதைப் பார்த்துவிட்டு ஜிம்முக்கு வந்தவர். மார்ட்டினிடமும் ஸ்டோனரிடமும் கற்றவர். அமெச்சூர் நாட்களில் கிளேயோடு மோதி ஒருமுறை தோற்றார், ஒருமுறை வென்றார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டபோது, உலகக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய போட்டித் தொடரில் ஜெர்ரி குவாரியை வென்று 1968இல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1971இல் ஹூஸ்டனில் அலியும் எல்லிஸும் மோதியபோது டண்டி நின்றது எல்லிஸின் மூலையில். பன்னிரண்டாவது ரவுண்டில் அலி ஜெயித்தார். அதற்காக நட்பும் முறியவில்லை, டண்டி மீண்டும் அலியின் மூலைக்கு வருவதும் நிற்கவில்லை. அந்த அலியும் எல்லிஸும்தான் 1980இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார்கள். எம்.ஜி.ஆரும் இருந்தார். வடசென்னை திரண்டு போய்ப் பார்த்தது. ஒரே அடித்தளத்தில் வளர்ந்த இரண்டு பையன்களை ஒரே வளையத்தில் நம் ஊர் பார்த்தது என்பது அன்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்!

நமக்குக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் வரலாறு உண்டு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பெயர் சொல்லி மோதிய காலத்தில், பரம்பரை மாறுவது என்பது பெற்ற வீட்டை விட்டு ஓடுவதற்குச் சமம். அந்த வைராக்கியம் எத்தனையோ வீரர்களை உருவாக்கியது. எத்தனையோ பேரை வீணாகவும் அடித்தது. இன்று உங்களிடம் வரும் பிள்ளைக்கு மாவட்டப் போட்டி, மாநில விடுதி, பல்கலைக்கழக அணி, ராணுவ அல்லது ரயில்வே வேலை என்று பல வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியிலும் வேறொரு வாத்தியார் நிற்பார். ஒரே கையில் அவனைக் கடைசிவரை வைத்திருப்பது இனி யாராலும் ஆகாது. ஆகவும் வேண்டாம்.

அதனால் என் கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, கோபத்தோடு வருகிற பிள்ளையைப் பற்றியது. பள்ளியில் அடித்துவிட்டு வந்தவன், வீட்டில் அடிவாங்கி வந்தவள், போலீஸ் ஸ்டேஷன் வாசலைப் பார்த்துவிட்டு வந்தவன் என்று யாராக இருந்தாலும் முதல் நாளே நல்லொழுக்கம் பேசாதீர்கள். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லுங்கள். சொன்ன மணிக்கு நீங்கள் அங்கே இருங்கள். மார்ட்டின் செய்தது இதைத்தான். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போனவன் உடனே வராமல் இருக்கலாம். வருகிற நாளில் கூடம் பூட்டியிருந்தால் அத்தோடு முடிந்தது.

இரண்டாவது, உங்கள் கூடத்தைத் தாங்கும் மற்றவர்களைப் பற்றியது. உங்கள் பையன் மெடலோடு மேடையில் நின்று பேசும்போது, அவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் கால்வேலை சொல்லித்தந்த பக்கத்துத் தெரு வாத்தியாரின் பெயரையும் சொல்லச்சொல்லுங்கள். சாப்பாடு கட்டிக்கொடுத்த உங்கள் வீட்டம்மாவின் பெயரையும் சேர்த்து. பத்திரிகைக்காரர்கள் ஒரு பெயர்தான் கேட்பார்கள். நீங்கள் மூன்று கொடுங்கள். ஸ்டோனருக்கு நேர்ந்தது நம் ஊர் ஆளுக்கு நேராமல் இருக்க இது போதும்.

மூன்றாவதுதான் கடினமானது. பிள்ளை வேறு கூடத்துக்குப் போகிறேன் என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கும்போது, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தப் புது வாத்தியாருக்கு நீங்களே போன் செய்யுங்கள். பையனின் வலது தோள் எப்போது பிசகியது, எடை குறைக்கச்சொன்னால் பட்டினி கிடந்து மயங்கிவிடுவானா, அப்பா குடிப்பவரா, தோற்றால் எத்தனை நாள் பேசாமல் இருப்பான், எதற்கு நடுங்குவான் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சான்றிதழ் கட்டில் இவை இருக்காது. மாநில விடுதியின் பயிற்சியாளர் இவற்றைத் தானாகக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆகும். அதற்குள் பையன் விளையாட்டையே விட்டுவிட்டிருப்பான். பாராசூட் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் உங்களிடமும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய அறிவைக் கோபத்தில் பூட்டிவைத்துக்கொண்டால், நீங்கள் கொட்டிய உழைப்பு பாதி வழியில் நின்றுவிடும். பத்து நிமிடம் பேசினால் அது பையனோடு சேர்ந்து போகும்.

கேட்பது எளிது, செய்வது எளிதில்லை என்று தெரியும். பயிற்சியாளர் சான்றிதழ் உள்ளவருக்கு அரசு வேலை, சொல்லித்தந்தவருக்கு டீக்காசுகூட இல்லை என்ற நிலையில், போகிற பிள்ளையோடு பெயரும் போகிறதே என்ற ஆற்றாமை நியாயமானதுதான். அதைச் சங்கங்களிடமும் அரசிடமும் உரக்கக் கேளுங்கள். ஒரு வீரருக்குப் பரிசு கொடுக்கும்போது தொடக்க வாத்தியாருக்கும் ஒரு பங்கு என்று கேளுங்கள். உங்களோடு சேர்ந்து கேட்க எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். அந்தக் கணக்கைப் பிள்ளையிடம் மட்டும் தீர்க்காதீர்கள்.

சென்ற ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ உங்களிடமிருந்து கோபமாகப் பிரிந்துபோன ஒருவன் நினைவுக்கு வந்திருப்பான். அவன் இப்போது யாரிடம் இருக்கிறான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த வாத்தியாரின் நம்பர் உங்கள் போனில் இருக்கிறது. இந்த வாரமே பேசிவிடுங்கள்.

அன்போடும் மதிப்போடும்,
உங்கள் கூடத்து வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் ஒருவன்